கோதுமை தோசையும் நீல மருந்தும்

எழுபதுகளின் கடைசி வரை எங்கள் வீட்டில் கோதுமைக்கு மரியாதை கிடையாது. ரேஷனில் அரிசியோடு சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். வாங்கிவந்து டின்னில் போட்டு, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, கிருத்திகை விரதம் இருப்பவருக்கு உப்புமா என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுவோம். உடம்பு நன்றாக இருக்கிற ஆள் காலையில் எழுந்து கோதுமை தின்பதை அப்பாவால் கற்பனைகூடச் செய்ய முடியாது. அவருக்கு ஆறு இட்லி, இல்லாவிட்டால் நாலு அரிசி தோசை, அதற்கு மேல் கொசுறாக இரண்டு. கொசுறை எண்ணக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அப்பா பத்திரம் எழுதுகிறவர். ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரில் ஒரு புளியமரத்தடியில் அவர் மேஜை இருந்தது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எதுவானாலும் அவர் கையெழுத்தில் முத்து முத்தாக வந்து விழும். வீட்டிலும் பத்திர பாஷைதான். தங்கையும் நானும் ஒரு பென்சிலுக்கு அடித்துக்கொண்டால், "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவிச்சிக்கோங்க" என்று அதை இரண்டாக உடைத்துக் கொடுப்பார்.

நாங்கள் குடியிருந்தது திருவூடல் தெரு. வருஷத்துக்கு ஒரு நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் உற்சவத்தில் சாமியும் அம்மனும் எங்கள் தெருவில்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள். பார்க்க ஊரே கூடும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த வேலையை எங்கள் அம்மாவும் அப்பாவும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண் அநேகமாக மூடிப்போனது மாதிரிதான். இடது கண்ணில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பத்திரத்தை மனப்பாடமாக எழுதி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் ஒரு நிலத்தின் கிழக்கு எல்லையைக் கொண்டுபோய் மேற்கில் எழுதிவிட்டார். நல்லவேளை, பதிவாவதற்குள் யாரோ கவனித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா மேஜைய மடிச்சிட வேண்டியதுதான்" என்றார். அவர் குரலில் வேடிக்கை இல்லாமல் நான் கேட்டது அன்றுதான்.

வேலூருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, சிறுநீரைச் சோதித்துவிட்டு, கையை விரித்துவிட்டார். "சுகர் ஏறிக் கெடக்கு. இதுல கத்தி வெச்சா புண்ணு ஆறாது, இருக்கிற கண்ணும் போயிடும். மொதல்ல சுகரக் கட்டுக்குக் கொண்டாங்க. தை பொறந்ததும் வாங்க, பாப்போம்." அப்போது ஐப்பசி பாதி கழிந்திருந்தது.

எங்கள் ஊர் டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். நான்தான் வீட்டில் படித்துக் காட்டினேன். "சர்க்கரை, இனிப்புப் பலகாரம், உருளைக்கிழங்கு கூடாது. அரிசியைக் குறைக்கவும். கோதுமை சேர்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். அப்பா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார், சொத்துக்கு வில்லங்கம் பார்க்கிற மாதிரி.

அம்மா மறுநாளே டின் கோதுமையைக் கல் பொறுக்கி மாவு மிஷினுக்குக் கொண்டுபோனாள். அதற்கடுத்த நாள் காலை, உப்பு மட்டும் போட்டுக் கரைத்து, மெல்லிசாகக் கோதுமை தோசை வார்த்தாள். தட்டில் அது ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தது. அப்பா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். எடுத்தார். "ஏண்டி, சினிமா போஸ்டர் ஒட்டற பசைய கல்லுல ஊத்திச் சுட்டியா?"

"சுகருக்கு இதான் மருந்து. கண்ண மூடிக்கிட்டு முழுங்குங்க."

"கண்ணு ஏற்கெனவே மூடித்தான் கெடக்கு. வாயிதான் தொறக்க மாட்டேங்குது."

நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனவர், பத்தரை மணிக்கெல்லாம் ரிக்‌ஷாவில் திரும்பி வந்தார். உடம்பு வேர்த்து, கை உதறிக்கொண்டிருந்தது. அம்மா பயந்துபோனாள். என்ன செய்தாவது இந்த மனுஷன் வயிற்றுக்குள் கோதுமையை இறக்கியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை நாங்கள் வாசனையில்தான் கண் விழித்தோம். அம்மா கோதுமை மாவில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, தேங்காய் துருவிப் போட்டு, ஏலக்காய் தட்டி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்திருந்தாள். கரண்டியால் எடுத்துக் கல்லில் விட்டாளே தவிர, பரப்பவில்லை. மூடி போட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் புசுபுசுவென்று எழும்பி, ஓரத்தில் நெய் பொரிந்து, சிவக்கச் சிவக்க வந்தது. நானும் தங்கையும் முதல் தோசைக்கு அடித்துக்கொண்டோம். அப்பா சத்தமே காட்டாமல் ஒன்பது சாப்பிட்டார். கை கழுவும்போது பெருமூச்சு விட்டு, "என்ன செய்றது, மருந்துன்னு நெனச்சி சாப்ட்டேன்" என்றார். அடேயப்பா, அந்தச் சோகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

நியாயமாக அவருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்டி, வெல்லம் போடலாமா?"

"டாக்டரு சக்கரைதான் கூடாதுன்னாரு. அது மில்லுல மருந்து போட்டுப் பண்றது. இது எங்க அண்ணன் வூட்டு வெல்லம். சொந்தக் கழனிக் கரும்பு, எதிர்க்க நின்னு காய்ச்சினது. இதுல என்ன கெடுதல் இருக்கும்?"

என் மாமா தண்டராம்பட்டுப் பக்கத்தில் விவசாயம் பார்த்தார். அம்மாவுக்கு அந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் தெய்வம். மாமா அனுப்பிய பூசணிக்காய் அழுகியிருந்தால்கூட, எங்கள் வீட்டுக் காற்றுதான் சரியில்லை என்பாள். அப்பாவுக்கும் அன்று மைத்துனன் வீட்டு வெல்லத்தின் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டது. என்னைச் சீட்டை எடுத்துவரச் சொன்னார். "வெல்லம்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதா பாரு."

"இல்லப்பா."

"எத்தனை தோசைன்னு?"

"அதுவும் இல்லப்பா."

"எழுத்துல இல்லாதது செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக மற்றவர்கள் சொத்தை வரி வரியாகப் பிடித்துக் காப்பாற்றிய மனுஷர், டாக்டர் சீட்டையும் கிரயப் பத்திரமாகவே படித்தார். தடை என்று எழுதாததெல்லாம் அவருக்குப் பாத்தியம்.

சுகர் எவ்வளவு என்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போதெல்லாம் வீட்டில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற பேச்சே இல்லை. மருந்துக்கடையில் ஒரு நீல மருந்து விற்கும். டெஸ்ட் ட்யூபில் அதைக் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சுகர் இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் உச்சம். டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சயின்ஸ் படிக்கிற பெண் என்ற ஒரே குற்றத்துக்காகத் தினமும் காலையில் தோட்டத்துத் துவைகல் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் ட்யூபைக் காய்ச்சினேன். சமையலறையில் தோசை, தோட்டத்தில் இது. "இன்னிக்கி என்னா கலர் பாப்பா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பார். சினிமாக் கொட்டகையில் என்ன படம் என்று கேட்கிற ஆவல் அது.

என்ன கலர்? செங்கல்தான். முதல் நாள் செங்கல், இரண்டாம் நாள் செங்கல், ஒரு வாரம் கழித்தும் செங்கல்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. வெல்லத்தின் மேல் அல்ல, அப்பாவின் மேல். "உண்மையச் சொல்லுங்க. ஆபீசுகிட்ட என்ன திங்கறீங்க? போண்டாவா, ஜாங்கிரியா?"

"ஒண்ணும் திங்கலடி. டீயில கூட சக்கரை வேணாம்னுட்டேன்."

"அப்ப கலர் பொய் சொல்லுதா?"

அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மா நம்பவில்லை. வெளியே பசித்தால்தானே தின்பார், பசிக்காமல் அனுப்பிவிடுவோம் என்று ஒன்பது தோசையைப் பன்னிரண்டு ஆக்கினாள். கலர் இன்னும் கொஞ்சம் முறுகியது. அம்மா வாய்க்கு வந்தபடி பேசினாள். "கண்ணு போனாலும் பரவால்ல, நாக்கு ருசிதான் பெரிசு உங்களுக்கு. பொய் சொல்லிப் பொய் சொல்லி எங்கள நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்க." அப்பா திருப்பிச் சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் நெனவில்லாம ஏதாச்சும் திங்கறேனா, பாத்தியா பாப்பா?" என்று கேட்டார். அவருக்கே அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னை வேவு பார்க்க அனுப்பினாள். மத்தியானம் போனேன். புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பத்திரம் பதிவான சந்தோஷத்தில் ஒரு குடும்பம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா மேஜையிலும் இரண்டு வைத்தார்கள். அவர் கையால் தடவி என்னவென்று பார்த்து, முகர்ந்துகூடப் பார்க்காமல் பக்கத்து மேஜைக்காரர் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒளிந்து நிற்கப் பிடிக்காமல் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு முழ தூரம்கூட இருக்காது.

அப்பா தலையை நிமிர்த்தினார். சிரித்த முகமாக, "வாங்கம்மா. வில்லங்கம் பாக்கணுமா, நகல் வேணுமா?" என்றார்.

"அப்பா, நான்தாம்ப்பா" என்றேன்.

"அட, பாப்பாவா! வெயில்லேர்ந்து வந்து நின்னியா, தெரியல" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடமிருந்து ஒரு லட்டைத் திருப்பி வாங்கி என்னிடம் கொடுத்தார். தேரடி வரைக்கும் அந்த லட்டைத் தின்றுகொண்டே அழுதேன். அழுததற்கும் தின்றதை நிறுத்தாததற்கும் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்து, "அப்பா ஒண்ணும் திங்கலம்மா. அவருக்கு என்னியே தெரியல" என்றேன். அம்மா திங்கட்கிழமை காலை அப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"காலையில என்ன சாப்பிடறாரு?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன கோதுமைதான் டாக்டர். தோசை."

"ரொம்ப நல்லது. எத்தனை?"

"பன்னெண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பன்னெண்டா? தொட்டுக்க என்ன?"

"தொட்டுக்க எதுவும் வேணாம் டாக்டர். வெல்லம் மாவுலியே இருக்குது." அம்மா இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஏம்மா, வெல்லம் என்ன வேப்பெண்ணெயா?"

"எங்க அண்ணன் வூட்டு வெல்லம் டாக்டர். சுத்தமானது."

"உங்க அண்ணன் வூட்டு வெல்லம்னு ரத்தத்துக்குத் தெரியுமா? சக்கரைய விட ஒரு இம்மி கம்மி இல்லம்மா அது. கோதுமையும் ஜாஸ்தி தின்னா அரிசிதான். ஆள ஒரேயடியா அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. அம்மா நாலடி பின்னால் வந்தாள். இன்றைக்குத் திருவூடல் தெருவில் பெரிய உற்சவம்தான் என்று நான் எதிர்பார்த்தேன். சின்னக்கடைத் தெரு தாண்டியும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏதாச்சும் திட்டித் தொலைங்களேன்" என்றாள்.

அப்பா நின்றார். "பன்னெண்டா சாப்ட்டேன்?" என்றார். "ஒன்பதுன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

அம்மா சிரித்துவிட்டாள், தெருவென்றும் பார்க்காமல். ஆனால் வீட்டுக்கு வந்து வெல்லப் பானையை எடுத்துப் பரணில் ஏற்றும்போது என்னிடம் சொன்னாள். "பொய் பேசறாருன்னு அந்த மனுஷன எத்தினி பேச்சு பேசினேன். கண்ணு போயிருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன் பாப்பா?" அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அன்று மூக்கைச் சிந்திக்கொண்டே பரணிலிருந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு வந்தது மூன்றாவது கோதுமை தோசை. மாவு மிஷின்காரரிடம் நின்று, தவிடு போகாமல் கொரகொரப்பாக அரைத்து வாங்கினாள். ஒரு கை உளுந்து ஊறவைத்து ஆட்டிச் சேர்த்தாள். புளித்த மோர் விட்டுக் கரைத்தாள். முருங்கைக் கீரை ஆய்ந்து போட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிச் சீரகத்தோடு கலந்தாள். சொட்டு எண்ணெய். தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லித் துவையல். ஒரு ஆளுக்கு மூன்று. அப்பாவுக்கு மட்டும் போட்டால் ஏங்கிப் போவார் என்று எங்கள் எல்லோருக்கும் அதேதான். தங்கை இரண்டு நாள் அழுதாள். அப்பா, "அழுவாத கண்ணு, சிறை வாசம்னா எல்லாரும் சேர்ந்துதான்" என்று சமாதானம் சொல்லிவிட்டு நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டுவார். "கொசுறு" என்பார். அம்மா கரண்டியால் அவர் கையில் ஒரு தட்டு தட்டுவாள்.

பத்து நாளில் ஆரஞ்சு வந்தது. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரை விட்டுப் போகிற சமயத்தில் மஞ்சள். மார்கழியில் பச்சை. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, நான் ட்யூபைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்க்கிறேன், நிறமே மாறவில்லை. மருந்து கெட்டுப்போச்சோ என்று இன்னொரு தரம் காய்ச்சினேன். அதே நீலம். "அம்மா, நீலம்!" என்று கத்திக்கொண்டு ட்யூபோடு சமையலறைக்குள் ஓடினேன். "அடிப்பாவி, அத ஏண்டி இங்க எடுத்தாந்தே!" என்று அம்மா என்னை வெளியே துரத்தினாள். துரத்தியவளே பின்னாலேயே ஓடிவந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அக்கா கை தட்டினார்.

தை மாசம் வேலூரில் கத்தி வைத்தார்கள். புண் ஆறியது. கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு அப்பா ஒன்றரை மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பங்குனியில் கண்ணாடி வந்தது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி அவ்வளவு தடிமன். போட்டுக்கொண்டதும் அவர் கண் இரண்டு மடங்காகத் தெரிந்தது. எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், காலண்டரில் தேதியை உரக்கப் படித்தார். அதற்கப்புறம் தட்டைப் பார்த்தார். கறுப்பும் பச்சையுமாக மூன்று தோசை.

"இதையா இத்தன நாளா எனக்குப் போட்டே?"

"தெரியாதப்ப ருசியாத்தானே இருந்துது? சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

சாப்பிட்டு முடித்து, தூரம் பிடிபடாமல் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தட்டோடு சமையலறைக்குள் போனார். நானும் விழுந்துவிடுவாரோ என்று பின்னால் போனேன். எங்களுக்கெல்லாம் போட்ட பிறகு அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் தோசை இல்லை. பிய்ந்ததும் கருகியதும் சுரண்டியெடுத்ததுமாகத் துண்டு துண்டாக ஏதோ கிடந்தது. அப்பா குனிந்து, மூக்கு இடிக்கிற கிட்டத்தில் பார்த்தார்.

"என்னடி இது?"

"மொத தோசை. கல்லு காயறதுக்குள்ள ஊத்தறதால ஒட்டிக்கும். பிஞ்சிதான் வரும்."

"அத ஏன் நீ தின்ற?"

"பின்ன யாரு தின்றது?"

"எனக்குக் கண்ணு தெரியாத இந்த நாலு மாசமும் இதத்தான் தின்னியா?"

அம்மா சிரித்தாள். "கல்யாணமாயி பதினேழு வருசமா இதான் தின்றேன். அப்பல்லாம் உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துது."

எப்போதும்போலக் கேலியாகத்தான் சொன்னாள். வாசற்படியில் நின்ற எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்கும்தான் கண் நன்றாக இருந்தது.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "கல்லு இப்ப நல்லா காஞ்சிருக்கு. உனக்கு ஒண்ணு ஊத்து. நான் பாக்கணும்" என்றார்.

"ஆபீசுக்கு நேரமாவல?"

"ஊத்துடி."

அம்மா கரண்டியை எடுத்து மாவை ஊற்றினாள். அது வெந்து, திருப்பிப் போட்டு, தட்டில் முழுசாக விழுகிற வரைக்கும் அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.